தாண்டிக்குடி பக்கம் மண் ரோட்டு ரூட் தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம் மக்களே, வர்ற தை மாசம் நானும் தங்கச்சியும் கிராவல் பைக்ல (மண் ரோட்டுலயும் ஓட்டுற சைக்கிள்) கீழ்ப்பழனி மலைல 2 நாள் சுத்தலாம்னு இருக்கோம். சித்தரேவுல கிளம்பி பெரும்பாறை வழியா தாண்டிக்குடி ஏறி, அடுத்த நாள் பண்ணைக்காடு போயி வத்தலக்குண்டு இறங்கணும். தார் ரோடு தெரியும், எங்களுக்கு வேணும்கறது காபி தோட்டத்துக்கு நடுவுல ஓடைய ஒட்டிப் போற மண் பாதைதான், சில்வர் ஓக் நிழல்ல மிளகுக்கொடி உரசுற மாதிரி போகும்ல அது.

போன தடவை சருகுக்கு அடில கிடந்த கூர்க்கல்லு பின் டயர் சைடுல ஒரு விரக்கடைக்கு கிழிச்சிருச்சு, டியூப்லெஸ் டயருக்குள்ள ஓட்டை அடைக்க ஊத்துற பாலெல்லாம் பீச்சி அடிச்சு தங்கச்சி 6 கிலோமீட்டர் தள்ளிக்கிட்டே வந்தா, பாவம். டயர் அகலம் 40 எம்எம் போதுமா, 45 போடணுமா?

எந்த எஸ்டேட்ல கேட்டா உள்ள விடுவாங்க, எந்தப் பாதை ஃபாரஸ்ட் எல்லைக்குள்ள போகுதுன்னு தெரிஞ்சா நல்லாருக்கும், பர்மிஷன் இல்லாம போக மாட்டோம். யானை, காட்டுமாடு நடமாட்டம் இப்ப எந்தப் பக்கம்? உள்ளூர் அண்ணன் அக்கா யாராச்சும் இருந்தா கண்டிப்பா சொல்லுங்க.