என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) முகாம், இரண்டாம் நாள். வீட்டுக்குப் போய்விடலாமா?

வேதியியல்_இரண்டாமாண்டு:
ஏழு நாள் சிறப்பு முகாமுக்கு வந்திருக்கிறேன். ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தங்கியிருக்கிறோம். ஒரே வகுப்பறையில் 23 பெண்கள், கழிவறை இரண்டு, அதில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை, அதனால் ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே காவல். பக்கத்தில் படுப்பவள் புரண்டால் கை என் முகத்தில் விழுகிறது. அதெல்லாம்கூடச் சமாளித்துவிடுவேன். வணிகவியல் ஒரு கூட்டம், தமிழ்த்துறை ஒரு கூட்டம், எங்கள் துறையிலிருந்து நான் ஒருத்திதான். சாப்பாட்டுத் தட்டோடு எங்கே உட்காருவது என்று தெரியாமல் நிற்கிறேன் பாருங்கள், அதுதான் தாங்கவில்லை. அம்மா "வந்துடும்மா" என்கிறார். போய்விட்டால் சான்றிதழ் கிடைக்காதா?

கரிசல்காடு:
கிடைக்காதும்மா. இரண்டு வருடத்தில் 240 மணி நேரப் பணி, கூடவே ஒரு சிறப்பு முகாம், இரண்டும் வேண்டும். நாளைக்குச் சமையல் குழுவில் பெயர் கொடு. எங்கள் முகாமில் ஐந்து கிலோ சின்ன வெங்காயத்தைச் சுற்றி உட்கார்ந்து உரித்தோம், எல்லாருக்கும் கண்ணீர், மூக்கைத் துடைக்கக் கை சும்மா இல்லை, பக்கத்தில் இருந்தவள் தன் துப்பட்டா நுனியால் எனக்குத் துடைத்துவிட்டாள். அவள் பெயரே அதற்கப்புறம்தான் கேட்டேன்.

பழைய_திட்ட_அலுவலர்:
கூடி வாழவும் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளவும் பழகுவது இந்தத் திட்டத்தின் நோக்கங்களிலேயே ஒன்று. அதனால்தான் நாங்கள் குழு பிரிக்கும்போது துறைகளைக் கலந்து போடுவோம். உங்கள் முகாமில் அப்படிச் செய்யவில்லை என்றால் திட்ட அலுவலரிடமே கேளுங்கள், தப்பாக நினைக்க மாட்டார். தாழ்ப்பாளையும் சொல்லுங்கள், ஐம்பது ரூபாய் வேலை, ஊரில் யாராவது ஒரு தச்சர் இருப்பார்.

சும்மா_ஒருத்தி:
நாலரைக்கு எழுந்து குளித்துவிடு, ஆறு மணி வரிசையில் நின்றால் தண்ணீர் தீர்ந்திருக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் யாரிடமாவது இருந்தால் ஊரிலிருந்து வரவழை. ஒரே ஒரு பிளக் பாயிண்ட் உள்ள அறையில் அது வைத்திருப்பவள்தான் ராணி, எந்தத் துறை என்று யாரும் கேட்க மாட்டார்கள் :)

ஊருணி:
எல்லாரும் "பழகிடும்" என்றே சொல்கிறீர்கள். சிலருக்குப் பழகாமலே போவதும் உண்டு. எனக்கு ஏழு நாளும் யாரும் தோழியாகவில்லை, சீமைக்கருவேலம் வெட்டினேன், கணக்கெடுப்புக்கு வீடு வீடாகப் போனேன், ஒரு பாட்டி கொடுத்த மோர் இன்னும் நினைவிருக்கிறது. அதுவும் முகாம்தான். உடம்புக்கு முடியவில்லை, யாராவது தொந்தரவு செய்கிறார்கள் என்றால் மட்டும் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் கிளம்பு.

வேதியியல்_இரண்டாமாண்டு:
தாழ்ப்பாளைச் சொல்லிவிட்டேன், மேடம் சாயங்காலம் ஆள் வருவார் என்றார். இன்றைக்கு வெங்காயம் இல்லை, பூண்டு. தமிழ்த்துறை அக்கா ஒருவர் என் நகத்தைப் பார்த்து "இப்படி உரிச்சா விடிஞ்சிடும், தண்ணியில ஊறப்போடு" என்று பாத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டார். மதியம் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். அம்மாவிடம் நாளைக்குப் பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். லைட்டை அணைக்கிறார்கள்.