புதுப்பிப்பு: அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம்

மார்புப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்தும் அம்மா யாரோடும் பேசாமல், விடியப்புறம் மூன்று மணிக்கே எழும்பி முற்றத்துக் கதிரையில் இருக்கிறார் என்று போன மாதம் எழுதியிருந்தேன். கீமோக் களைப்பு என்றுதான் நினைத்திருந்தேன். பிழை, அது மனச்சோர்வு. உளநல வைத்தியரிடம் காட்டச் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கிளிநொச்சியிலேயே காட்டினோம். நித்திரை, பசி குறைவது புற்றுநோயாலும் வரும் என்பதால், "முன்பு விருப்பமாகச் செய்ததில் இப்போது மனம் போகிறதா?" என்றுதான் வைத்தியர் கூடுதலாகக் கேட்டார். அம்மா கனநேரம் சேலைத் தலைப்பையே முறுக்கிக்கொண்டிருந்தார். "கத்தரிக்குத் தண்ணி விடவும் மனமில்லை. பிள்ளைகளுக்குப் பாரமாய்ப் போனேன்." 2009இல் போரின் முடிவில் அவ்வளவையும் தாண்டி வந்தவர். இதற்குப்போய் அழுவதா என்று அடக்கி வைத்திருந்திருக்கிறார்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மார்புப் புற்றுநோய் திரும்பி வராமலிருக்கத் தரும் தமொக்சிபென் குளிசை குடிப்பவர்கள் அதை உளநல வைத்தியரிடம் முதலே சொல்லுங்கள். புளுஒக்சற்றின், பரொக்சற்றின் போன்ற சில மனச்சோர்வு மருந்துகள், தமொக்சிபென் உடம்பில் வேலைசெய்யும் வடிவத்துக்கு மாறுவதைக் குறைக்கும். அம்மாவுக்கு வேறு குளிசை தந்தார்கள். பலன் தெரியச் சில கிழமை எடுக்கும், இடையில் நீங்களாக நிறுத்த வேண்டாம் என்றார்கள்.

இப்போது நாலாம் கிழமை. சாப்பாடு இன்னும் அரைவயிறுதான். ஆனால் நேற்றுப் பின்னேரம் தானாகவே வாளியைத் தூக்கிக்கொண்டு போய் இரண்டு பாத்திக்குத் தண்ணி விட்டார். அப்புறம் களைத்துப்போய் இருந்துவிட்டார். நான் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் போய் இருந்தேன்.

இரவில் தாங்க ஏலாமல் போனால், இலங்கையின் தேசிய உளநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926.