வேவ்லெட் வைத்து வீடியோ சுருக்கும்போது பிட்ரேட் ஏன் எகிறுகிறது?

கேள்வி:
கல்லூரி ப்ராஜெக்டுக்கு வேவ்லெட் (படத்தைப் பெரிய வடிவம், நுண் விவரம் எனப் பல நிலைகளாகப் பிரிக்கும் கணித முறை) அடிப்படையில் ஒரு கோடெக் (வீடியோவைச் சுருக்கி விரிக்கும் நிரல்) எழுதுகிறேன். தனி ஃப்ரேமைச் சுருக்கினால் படம் அருமை, ஆனால் வேறு ஃப்ரேமிலிருந்து பிளாக் பிளாக்காக மோஷன் கணித்து, மிச்சத்தை (கணிப்புக்கும் நிஜப் படத்துக்கும் உள்ள வித்தியாசத்தை) வேவ்லெட்டில் போட்டால் பிட்ரேட் (நொடிக்கு ஆகும் பிட்கள்) எகிறுகிறது. எங்கே இடிக்கிறது?

பதில் 1:
பிளாக் ஓரங்களில்தான். பக்கத்துப் பக்கத்து பிளாக்குகள் வேறு வேறு திசையில் நகர்ந்தால் மிச்சப் படத்தில் செயற்கையான கோடுகள் விழும். டிசிடி (வழக்கமான கோடெக்குகள் பிளாக் பிளாக்காகச் செய்யும் உருமாற்றம்) பிளாக் எல்லைக்குள்ளேயே நின்றுவிடுவதால் அதற்கு அந்தக் கோடு பெரிதாகத் தெரியாது, வேவ்லெட்டோ முழு ஃப்ரேமையும் பார்ப்பதால் ஒவ்வொரு கோட்டுக்கும் பல நிலைகளில் பெரிய பெரிய கெழுக்களை (சேமிக்க வேண்டிய எண்களை) கொட்டும். பிபிசியின் டிராக் கோடெக்கில் ஒன்றன்மேல் ஒன்று படியும் (ஓவர்லாப்) பிளாக்குகளை வைத்து, ஓரங்களை எடை போட்டுக் கலந்தார்கள். முதலில் அதைச் செய்து பாருங்கள்.

பதில் 2:
சரிதான், ஆனால் மோஷன் கட்டாயமா? டிஜிட்டல் சினிமாவில் ஜேபெக் 2000 (வேவ்லெட் அடிப்படையிலான படச் சுருக்க முறை) தானே, ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனி, 9/7 வேவ்லெட் (9, 7 என்பவை அதன் வடிகட்டிகளின் நீளம்), வழக்கமாக நொடிக்கு 250 மெகாபிட் வரை. 4கே கோப்பில் மேல் நிலை (மிக நுண்ணிய விவர நிலை) ஒன்றை விட்டுவிட்டுப் படித்தால் 2கே படம் தானாக வந்துவிடும். எனக்கு வேவ்லெட்டில் பிடித்ததே இதுதான். இணையத்தில் ஓட்டத்தான் இது ஆகாது, பிட்ரேட் கட்டுப்படியாகாது.

கேட்டவர்:
ஓவர்லாப் போட்டுப் பார்க்கிறேன். அப்புறம் லாஸ்லெஸ்ஸும் (எதையும் இழக்காத சுருக்கம்) வேண்டுமென்றால் 9/7 போதுமா?

பதில் 2:
போதாது, அதில் பின்னங்கள் ரவுண்ட் ஆகிவிடும். 5/3 வேவ்லெட்டை எடுங்கள். லிஃப்டிங் முறையில் (வேவ்லெட்டை எளிய படிகளாகப் பிரித்துக் கணக்கிடுவது) முழு எண்களிலேயே போய் அப்படியே திரும்பி வரும், பெருக்கலே தேவையில்லை, கூட்டல் கழித்தலும் பிட் ஷிஃப்டும் (பிட்களை நகர்த்துவதும்) போதும்.