பழைய யூஃபோனியம் வாங்கப் போன அனுபவம்

எங்கள் சர்ச் பேண்டில் நான் யூஃபோனியம் வாசிக்கிறேன். டியூபாவைவிடச் சிறிய, வாயால் ஊதும் பித்தளை வாத்தியம் அது. நாசரேத் பக்கம் ஒரு வீட்டில் பழைய பூஸி அண்ட் ஹாக்ஸ் யூஃபோனியம் விலைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டு ஒரு சனிக்கிழமை போனேன். லண்டனில் செய்தது, நாலு வால்வு, காம்பென்சேட்டிங் (நாலாவது வால்வோடு மற்றதைச் சேர்த்து அழுத்தும்போது சுருதி பிசகாமல் கூடுதல் குழாய் சேரும் வகை). அந்த அண்ணாச்சியின் அப்பா வாசித்ததாம். பெட்டியைத் திறந்ததுமே எனக்கு ஆசை வந்துவிட்டது. பெல் என்கிற அகன்ற வாயின் விளிம்பில் ஒரு ஒடுக்கு, அவ்வளவுதான்.

"ஊதிப் பாருங்க தம்பி, அவசரமில்ல" என்று நாற்காலியைப் போட்டுவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

முதலில் மவுத்பீஸ். நான் கொண்டுபோனதன் தண்டு இன்றைய பெரிய அளவு. குழாய் வாயிலேயே நின்றுவிட்டது. இந்தப் பழைய மாடல்களுக்குச் சிறியதும் இல்லாமல் பெரியதும் இல்லாமல் ஒரு நடு அளவு. நல்லவேளை, பெட்டி மூலையில் அதன் சொந்த மவுத்பீஸே துணியில் சுற்றிக் கிடந்தது.

அப்புறம் வால்வு. எண்ணெய் விட்டேன். எதையும் அழுத்தாமல் ஒவ்வொரு வால்வின் ஸ்லைடையும், அதாவது கழற்றக்கூடிய வளைகுழாயை, உருவினேன். காற்று கசியாத வால்வு என்றால் 'டப்' என்று சத்தம் வரும். மூன்றில் நன்றாக வந்தது, முதல் வால்வில் மட்டும் கொஞ்சம் மந்தம். வாய்க்குழாயில் டார்ச் அடித்துப் பார்த்தேன். துத்தநாகம் போய்விட்ட பித்தளையில் இளஞ்சிவப்பாகப் புள்ளி விழும், அது இல்லை.

ஊதினேன். அந்த நாதத்தை இன்னும் மறக்க முடியவில்லை, அவ்வளவு கனிவு. ஆனால் போனில் சுருதி காட்டும் ட்யூனரைத் திறந்தால் முள் வலப்பக்கம் ஓடுகிறது, அதாவது சுருதி ஏறி நிற்கிறது. வால்வு எதுவும் அழுத்தாமல் வர வேண்டிய பி ஃபிளாட் சுரம், பி ஃபிளாட்டுக்கும் அதற்கு அடுத்து மேலே உள்ள பி-க்கும் நடுவில் நிற்கிறது. உதட்டைத் தளர்த்தினேன், தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஊதினேன். அதே இடம்தான்.

குறை வாத்தியத்தில் இல்லை. இங்கிலாந்து பிராஸ் பேண்டுகள் 1960-களின் நடுப்பகுதி வரை ஏ 452 சுருதியில்தான் (ஏ சுரத்துக்கு நொடிக்கு 452 அதிர்வு) வாசித்தார்கள். நம் கீபோர்டு 440. சுமார் 9 அடிக் குழாயில் இந்த வித்தியாசத்தைச் சரிசெய்ய மூன்று அங்குலம் கூட வேண்டும். சுருதி சேர்க்கும் ட்யூனிங் ஸ்லைடுக்கு இரண்டு கால் என்பதால் அதை ஒன்றரை அங்குலம் இழுத்தால் கணக்கு சரியாகும். இதில் அவ்வளவு வெளியே வராது.

அன்று வாங்காமல் திரும்பினேன். ஸ்லைடின் இரண்டு காலிலும் துண்டுக் குழாய் பற்றவைத்து நீட்டலாம் என்று ரிப்பேர்க்காரர் சொன்ன பிறகுதான் மறுபடி போனேன். அண்ணாச்சியிடம் சுருதி விஷயத்தை ஒளிக்காமல் சொன்னேன். அவரே விலையைக் குறைத்துக்கொண்டார்.

போன கிறிஸ்துமஸ் கேரல் முழுக்க அதில்தான் வாசித்தேன். வால்வு ஸ்லைடுகள் பழைய நீளமே என்பதால் அழுத்தி வாசிக்கும் சுரங்கள் இன்னும் ஒரு மயிரிழை ஏறித்தான் நிற்கின்றன, உதட்டால் இறக்கிக்கொள்கிறேன்.