450 சிசி இடத்தில் 660 சிசி இன்ஜெக்டர்: பழைய எஞ்சின் கணினியே போதுமா?

பழைய எக்லிப்ஸ்:
அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1991ஆம் ஆண்டு மிட்சுபிஷி எக்லிப்ஸ் ஜிஎஸ்எக்ஸ், மேனுவல் கியர், 4ஜி63 டர்போ எஞ்சினுடன் இருக்கிறது. 14பி டர்போவை எடுத்துவிட்டு அதைவிடப் பெரிய 16ஜி பொருத்திய பிறகு, அதிக பூஸ்ட்டில் (டர்போ காற்றை அழுத்தித் தள்ளும்போது) நிமிடத்துக்கு 450 சிசி பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் ஏறக்குறைய மூடாமலே ஓடுவது எஞ்சின் அளவுகளைப் பதிவு செய்யும் லாகரில் தெரிந்ததால், சென்ற வாரம் 660 சிசி இன்ஜெக்டர்களை மாட்டினேன். கணினியில் கை வைக்கவில்லை. இப்போது ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) எஞ்சின் குலுங்குகிறது, கரும்புகை வருகிறது; பிளக்குகளைக் கழற்றினால் நான்கும் கரி படிந்து பெட்ரோலில் நனைந்திருக்கின்றன. காற்றளவு சென்சாரின் சிக்னலைக் குறைத்துக் காட்டும் எஸ்ஏஎஃப்சி கருவி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. அதில் 32 சதவீதம் குறைத்தால் போதுமா? அல்லது பெட்ரோல் அழுத்தத்தைக் குறைப்பது நல்லதா?

நான்கு சிலிண்டர்:
புகைக்குக் காரணம் எளிது. உள்ளே இருப்பது 450 என்றே நம்பி கணினி திறப்பு நேரத்தைக் கணக்கிடுகிறது. நீங்கள் மாட்டியிருப்பதோ ஒவ்வொரு திறப்பிலும் 47 சதவீதம் கூடுதலாகப் பெட்ரோலைக் கொட்டுகிறது. ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்துக் கணினி செய்துகொள்ளும் திருத்தத்துக்கு இவ்வளவு பெரிய பிழை அடங்காது. முழு ஆக்ஸிலரேட்டரில் அந்தத் திருத்தமே நடப்பதில்லை.

எஸ்ஏஎஃப்சி வைத்தால் கலவை சரியாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் இந்தக் காரின் கார்மன் வகைக் காற்றளவு சென்சார் தரும் எண்ணிக்கையைக் கொண்டு கணினி பெட்ரோலை மட்டும் முடிவு செய்வதில்லை. ஒரு சுற்றுக்கு எவ்வளவு காற்று என்று கணக்கிட்டு, அதே சுமையை வைத்துத்தான் இக்னிஷன் டைமிங்கையும் (பிளக்கில் தீப்பொறி விழும் நேரத்தையும்) எடுக்கிறது. காற்றை 32 சதவீதம் குறைத்துச் சொன்னால், எஞ்சின் லேசான சுமையில் ஓடுகிறது என்று நம்பி, முழு பூஸ்ட்டில் இருக்கும் எஞ்சினுக்குக் குறைந்த சுமைக்கு உரிய அட்வான்ஸைக் கொடுத்து, தீப்பொறியை முன்கூட்டியே விழச் செய்துவிடும். அதன் விளைவு நாக்கிங், அதாவது கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது. அளவுக்கு மீறிய பூஸ்ட்டில் பெட்ரோலை நிறுத்தும் காப்பும் அதே எண்ணை நம்புவதால், அதுவும் தாமதமாகவே விழும். சின்ன மாற்றத்துக்கு அந்தக் கருவி பரவாயில்லை. 450இலிருந்து 660க்குத் தாவுவதற்கு அதை நம்பாதீர்கள்.

மாலை ஷெட்:
அழுத்தம் பற்றி நான் சொல்கிறேன். பாய்வு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், 660ஐ 450 அளவுக்கு இறக்க வேண்டுமானால் 37 பிஎஸ்ஐ அழுத்தத்தை ஏறக்குறைய 17க்குக் கொண்டுவர வேண்டும். அந்த அழுத்தத்தில் பெட்ரோல் பூத்தூறலாகத் தெளிக்காமல் தாரையாக ஒழுகும். தவிர, பெரிய இன்ஜெக்டர் வாங்கிய பலனே போய்விடும். இன்னொன்று, வாங்கியவற்றின் மின்தடையை மீட்டரில் அளந்தீர்களா? 2, 3 ஓம் வகையானால் இன்ஜெக்டருக்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த காரில் இருக்கும் ரெசிஸ்டர் பெட்டி அப்படியே இருக்கட்டும். 12 ஓம் அளவில் காட்டினால் அந்தப் பெட்டியை விலக்கி நேராக இணைக்க வேண்டும்.

பழைய எக்லிப்ஸ்:
இருவருக்கும் மிக்க நன்றி. அளந்தேன், 2.5 ஓம் காட்டுகிறது. அப்படியானால் கணினிக்கே உண்மையைச் சொல்ல வழி இருக்கிறதா?

நான்கு சிலிண்டர்:
இருக்கிறது. முதலில் கணினியைத் திறந்து, உள்ளே கணினியின் நிரலைத் தாங்கும் ஈப்ராம் சிப் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாக் கணினிகளிலும் அது இருக்காது. பார்க்கும்போதே கெபாசிட்டர்களையும் கவனியுங்கள். இந்த வயதுக் கணினிகளில் அவை கசிந்து செம்புத் தடங்களை அரித்துவிடும். மூடியைத் திறந்ததும் மீன் வாடை அடித்தால் அவற்றை மாற்றாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

சிப் இருந்தால், கணினியின் அமைப்புகளை மாற்ற உதவும் ஈசிஎம்லிங்க் போன்ற அமைப்பைப் பொருத்தி இரண்டு எண்களை மாற்றலாம். ஒன்று மொத்த எரிபொருள் அளவு. 450ஐ 660ஆல் வகுத்தால் 0.68, அதாவது மைனஸ் 32 சதவீதம். இங்கே காற்றின் கணக்கு மாறாததால் டைமிங் தன் இடத்திலேயே இருக்கும். இரண்டாவது டெட்டைம், அதாவது மின்சாரம் வந்த பிறகு ஊசி திறக்க எடுத்துக்கொள்ளும் நேரம். ஐடிலில் மொத்தத் திறப்பே சுமார் 2 மில்லி விநாடிதான் என்பதால் 0.2 மில்லி விநாடிப் பிழை அங்கே பத்து சதவீதம். முழு ஆக்ஸிலரேட்டரில் 15 மில்லி விநாடி திறந்திருக்கும்போது அதே பிழை ஒன்றரை சதவீதம்கூட இல்லை. ஆகவே சீரான வேகத்தில் ஓட்டும்போது டிரிம் (ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்துக் கணினி செய்யும் திருத்தம்) பூஜ்யத்தை ஒட்டி நிற்கும்வரை மொத்த அளவைத் திருத்துங்கள். அதன் பிறகும் ஐடிலில் மட்டும் டிரிம் கூட்டிக் காட்டினால் டெட்டைமைச் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். ஹெட்லைட்டையும் ரேடியேட்டர் விசிறியையும் போட்டு, வோல்டேஜ் இறங்கும்போது ஐடில் தடுமாறுகிறதா என்றும் பாருங்கள். அதுவரை பூஸ்ட் ஏற்றி ஓட்ட வேண்டாம். ஆயிலில் பெட்ரோல் கலந்திருக்கும், அதையும் மாற்றிவிடுங்கள்.