முகவரி இல்லாத வெளுப்பு கிரீமை ஆன்லைனில் போட்டு விற்கலாமா?

மேலூர்க்காரி:
வீட்டிலிருந்தே சேலை, நைட்டி ரீசெல்லிங் செய்கிறேன். வாட்ஸ்அப் குரூப் உண்டு, ஒரு ஆன்லைன் தளத்தில் செல்லர் கணக்கும் உண்டு. சரக்கு தருகிறவர் இப்போது ஒரு பெட்டி நிறைய முகக் கிரீம் அனுப்பியிருக்கிறார். ஏழே நாளில் வெளுக்குமாம். டப்பாவில் கம்பெனி முகவரி, பேட்ச் நம்பர் எதுவும் இல்லை. "கிரீம் என்று போட்டால் தளத்தில் தூக்கிவிடுவார்கள், ஹெர்பல் சோப் என்று போடு, படத்தில் பெயரை மங்கலாக்கு" என்கிறார். அதுதான் உறுத்துகிறது. ஆனால் சேலையில் நிற்பதைவிட இதில் லாபம் அதிகம். பக்கத்து வீட்டு அக்கா முகம் நிஜமாகவே வெளுத்திருக்கிறது. இன்னொன்று, டப்பாவின் பின்னால் தங்கம், வெள்ளி, அலுமினியம் மேல் படக்கூடாது என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. முகத்துக்குப் போடுவதற்கு இது எதற்கு?

தெற்காவணி பத்தர்:
கடைசிக் கேள்விக்கு நான் சொல்கிறேன் தாயி. இந்த மாதிரி வெளுப்பு கிரீமில் பாதரசம் கலப்பார்கள். பாதரசம் தொட்டால் தங்கம் வெள்ளையாகிவிடும். உடைந்த தெர்மாமீட்டரைக் கையால் அள்ளிவிட்டு, மோதிரம் வெள்ளியாகிவிட்டது என்று பட்டறைக்கு ஓடி வந்தவர்கள் உண்டு. சூடு காட்டினால் பாதரசம் ஆவியாகிப் போய்விடும், தங்கம் பழைய நிறத்துக்கு வரும். ஆனால் அந்த ஆவி ஊதுகிறவன் நெஞ்சுக்குள் போகும். அந்தக் காலத்தில் இதை வைத்துத்தான் முலாம் பூசினார்கள். நான் இந்த வேலையை வாங்குவதே இல்லை. நகைக்கு ஆகாது என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறான், முகத்துக்கு மட்டும் ஆகுமா? மோதிரத்தில் தேய்த்துப் பார்த்து ஒன்றும் ஆகவில்லையே என்று நினைத்துவிடாதே. கிரீமில் பாதரசம் வேறு பொருளோடு சேர்ந்த உப்பாகவும் இருக்கும், எப்போதும் நகையில் காட்டிக் கொடுக்காது.

கோரிப்பாளையம் மெடிக்கல்ஸ்:
பத்தர் சொன்னது சரி. தோலுக்கு நிறம் தருகிற மெலனின் உண்டாவதைப் பாதரசம் தடுக்கும், அதனால் வெளுப்பது உண்மைதான். ஆனால் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் சேரும். கேரளாவில் கோட்டக்கல் மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை பார்த்த ஒருவகைச் சிறுநீரக நோயாளிகள் 22 பேர். அதில் 15 பேருக்கு இருந்தது அரிதான ரகம். அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்பு கிரீம் போட்டவர்கள். சிறுநீரில் புரதம் போகும், கால் வீங்கும். அந்த அக்காவை முதலில் கிரீமை நிறுத்தச் சொல்லுங்கள், ஒரு யூரின் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். அவர் துடைக்கிற துண்டைப் பிள்ளைகள் தொடாமல் இருக்கட்டும்.

சட்டம் என்று பார்த்தால், 2020 அழகுசாதன விதிகளின்படி முகக் கிரீமில் தெரியாமல் கலந்த பாதரசமே 1 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு, தாண்டக்கூடாது. இங்கே தயாரித்தது என்றால் தயாரிப்பாளர் முகவரியும் லைசென்ஸ் நம்பரும் டப்பாவில் வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதிப் பதிவு எண் வேண்டும். உங்களிடம் இரண்டும் இல்லை.

சும்மா ஒரு ஆள்:
நாட்டில் எல்லாரும்தான் விற்கிறார்கள். மேலூரில் வந்து யார் பிடிக்கப் போகிறார்கள்?

பைபாஸ் ரோடு செல்லர்:
அண்ணே, விற்கிற பில்லில் இருப்பது அந்தத் தங்கச்சி பேரு, ஜிஎஸ்டி அவர்களுடையது, பிக்கப் முகவரி அவர்கள் வீடு. சரக்கு கொடுத்தவர் பெயர் எங்கேயாவது இருக்கிறதா? மருந்து ஆய்வாளர் கேட்டால் யாரிடம் வாங்கினோம் என்று காட்டியாக வேண்டும். எனக்குத் தெரியாது என்பது மட்டும் காப்பாற்றாது. சோப் என்று பொய்யாகப் போட்டது தெரிந்தால் தளம் கணக்கையே முடக்கும், சேலை வியாபாரமும் அதோடு சேர்ந்து போகும். அவர் பெயரை மங்கலாக்கச் சொன்னாரே, அந்த மெசேஜை அழிக்காதீர்கள் தங்கச்சி.

மேலூர்க்காரி:
நன்றி. பில் கேட்டேன், "இதுக்கெல்லாம் யாரும்மா பில் போடுவாங்க" என்றார். இதைத் தளத்தில் போடப் போவதில்லை. பெட்டியைத் திருப்பி அனுப்பினால் வேறு யாருக்காவது தள்ளிவிடுவாரே, குப்பையில் போடலாமா?

கோரிப்பாளையம் மெடிக்கல்ஸ்:
குப்பையிலும் வேண்டாம், சாக்கடையிலும் வேண்டாம். பெட்டியைப் பாலிதீன் பையில் கட்டிப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். மதுரை மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் ஒரு கடிதத்தோடு ஒப்படைத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், அந்த அக்காவிடம் சொல்லிவிட்டீர்களா?