உக்கடத்தில் பார்த்த ஸ்விஃப்ட் டீசல் பிளாக்

குழு: சூலூர் சொந்தங்கள்

சனி, மாலை 4.50

கார்த்தி: குமார் மாமா, உக்கடத்தில் பழைய இன்ஜின் கடையில் நிற்கிறேன். இன்ஜின் உடைந்த நம்ம ஸ்விஃப்ட் டீசலுக்கு ஹாஃப் இன்ஜின் ஒன்று இருக்கிறதுங்க, அதாவது மேல் மூடியான ஹெட் இல்லாத பிளாக். கிராங்க், பிஸ்டன் எல்லாம் உள்ளேயே இருக்கிறது. (படம்)

குமார் மாமா: பணம் ஏதும் கொடுத்துவிட்டாயா?

கார்த்தி: இல்லைங்க மாமா. கடைக்காரர் அட்வான்ஸ் கேட்கிறார். இன்னும் இரண்டு பேர் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்களாம்.

குமார் மாமா: அவர்கள் வாங்கினால் வாங்கட்டும். நீ இன்ஜின் நம்பரைப் படம் எடுத்து அனுப்பு மாப்ளே. கிரீஸை நன்றாகத் துடைத்துவிட்டு எடு. ஃப்ளாஷ் வேண்டாம், டார்ச்சைப் பக்கவாட்டில் பிடி. நம்பரை ராவி மறுபடி அடித்திருந்தால் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

அம்மா: தம்பி, பழைய இன்ஜினையே சரி பண்ணிவிட முடியாதா? கார்த்தி அப்பா ஆசை ஆசையாக வாங்கின வண்டி.

குமார் மாமா: முடியாதுங்க அக்கா. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கிற கனெக்டிங் ராடு உடைந்து பிளாக் சுவரைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டது. பிஸ்டன் ஓடுகிற துளை, அதாவது போர், தேய்ந்திருந்தால் கடைந்து பெரிசாக்கி ரீபோர் பண்ணலாம், உள்ளே ஸ்லீவ் என்கிற குழாய் கூடப் போடலாம். இது கிராங்கைத் தாங்குகிற மெயின் பேரிங் உட்காருகிற இடத்துக்குப் பக்கத்திலேயே ஓட்டை. அதில் வெல்டிங் வைத்து இந்தப் பையனை நெடுஞ்சாலையில் அனுப்ப எனக்கு மனசு வராது.

சித்தப்பா: புது பிளாக்காகவே வாங்கிவிட்டால் என்னங்க மச்சான்?

குமார் மாமா: 2020இல் பிஎஸ்6 புகை விதி வந்ததோடு மாருதி டீசல் இன்ஜினையே நிறுத்திவிட்டது. புதுசு தேடிப் பிடித்தாலும் இந்த வயசு வண்டிக்கு அந்த விலை கட்டாது. நல்ல பழைய பிளாக்கை அளந்து எடுத்தால் போதும்.

கார்த்தி: (படம்) இதுதாங்க நம்பர்.

குமார் மாமா: டி13ஏ என்று ஆரம்பிக்கிறது, நம்ம ஸ்விஃப்ட் டீசல் இன்ஜினின் குறியீடுதான், சரி. எழுத்தெல்லாம் ஒரே ஆழம். சுற்றி கிரைண்டிங் கோடு இல்லை. நம்பர் சுத்தம்.

திவ்யா: மாமா, டாடா விஸ்டாவிலும் ஃபியட் புன்டோவிலும் இதே இன்ஜின்தானே? அதில் எடுத்தால் ஆகாதா?

குமார் மாமா: அடிப்படை ஒன்றுதான் கண்ணு. ஃபியட்டும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து செய்த 1.3 மல்டிஜெட். 1248 சிசி, போர் 69.6 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்குகிற ஸ்ட்ரோக் 82. ஆனால் இன்ஜினைத் தாங்குகிற மவுண்ட், பிராக்கெட், அடியில் ஆயில் நிற்கிற சம்ப் எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதோடு வண்டிப் பதிவுச் சான்றான ஆர்சியில் இன்ஜின் நம்பர் மாற்றும்போது ஆர்டிஓ ஆபீஸில் ஆயிரம் கேள்வி வரும். டி13ஏ கிடைக்கிறபோது அந்த வம்பு எதற்கு?

குமார் மாமா: கார்த்தி, இப்போது பிளாக்கின் அடிப்பக்கம் பார். மேல் பாதியும் கீழ் பாதியும் சேருகிற கோடு தெரியும். அதைக் கிட்டத்தில் எடுத்து அனுப்பு.

கார்த்தி: (படம்) சாம்பல் நிறத்தில் பசை பிதுங்கி இருக்கிறதுங்க.

குமார் மாமா: ஒரு பக்கம் பழைய கருப்பு, ஒரு பக்கம் புதுச் சாம்பல். யாரோ பிரித்திருக்கிறார்கள். கீழ் பாதி இதே இன்ஜினுடையதா என்று அவரிடம் பக்குவமாகக் கேள்.

கார்த்தி: கேட்டேங்க. பழசு உடைந்துபோனதால் வேறு இன்ஜின் கீழ் பாதியைப் போட்டிருக்கிறார்களாம். “எல்லாம் ஒரே சைஸ்தான், ஒன்றும் ஆகாது” என்கிறார்.

குமார் மாமா: வேண்டாம், விட்டுவிடு. இந்த இன்ஜினில் மெயின் பேரிங்கைக் கீழிருந்து பிடிக்கத் தனித்தனி கேப் (மூடி) கிடையாது. கீழ் பாதியே கேப். மேலும் கீழும் போல்ட் போட்டு ஒன்றாக வைத்துத்தான் ஃபேக்டரியில் பேரிங் துளையைக் கடைந்திருப்பார்கள். ஜோடி மாறினால் அந்த வட்டம் வட்டமாக இருக்காது. கிராங்க் ஒரு பக்கம் இறுகும், இன்னொரு பக்கம் ஆயில் பிரஷர் நிற்காது. மறுபடி ராடுதான் வெளியே வரும்.

சித்தப்பா: கேட்டதும் உண்மையைச் சொன்னாரே, அது வரைக்கும் நல்ல மனுஷன்.

கார்த்தி: இன்னொரு பிளாக் காட்டுகிறார் மாமா. இதுவும் டி13ஏ. பிஸ்டன் இல்லை. கோடு முழுக்க ஒரே கருப்புப் பசை, ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. (படம்)

குமார் மாமா: இதுதான் பார்க்க வேண்டிய பிளாக். போரில் நகத்தை மேலே இருந்து கீழே ஓட்டு. மேல் ஓரத்தில் தட்டுகிறதா?

கார்த்தி: மூன்றாவதில் லேசாகத் தட்டுகிறது. மற்றதில் ஃபேக்டரியில் தேய்த்த ஹோனிங் கோடு இன்னும் தெரிகிறது.

குமார் மாமா: பரவாயில்லை, அது ரீபோரில் போய்விடும். வண்டி நம்பர், இன்ஜின் நம்பர் எழுதின பில் கேள். அது இல்லாமல் எடுக்காதே. என் பட்டறையில் அளந்து பார்த்து ஆகாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வதாக பில்லிலேயே எழுதித் தரச் சொல்.

கார்த்தி: எழுதித் தருகிறாருங்க. ஆட்டோவில் ஏற்றுகிறேன்.

அம்மா: இருட்டுவதற்குள் வந்துவிடு கண்ணு.

திங்கள், மதியம் 12.15

குமார் மாமா: பிளாக்கைக் கழுவி அளந்தாச்சு. ஹெட் உட்காருகிற மேல் முகமான டெக் மட்டம் சரி, சந்து அளக்கிற ஃபீலர் கேஜில் 0.05 மி.மீ. தகடு கூட நுழையவில்லை. விரிசல் காட்டுகிற சாயம் அடித்துப் பார்த்ததில் விரிசல் இல்லை. மூன்றாவது போர் மேலே 69.68 மி.மீ., அடியில் 69.61. மற்ற மூன்றும் நன்றாகவே இருக்கின்றன. ஆனாலும் நான்கையும் ஒரே ஓவர்சைஸுக்குத்தான், அதாவது ஒரே அளவு பெரிசாகத்தான், கடைந்து போடுவேன்.

திவ்யா: 0.07 மி.மீ. தானே மாமா, அதற்கு நான்கையுமா?

குமார் மாமா: முடி கனம்தான். ஆனால் பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங் மேலே விரிந்து கீழே சுருங்கி வேலை செய்ய வேண்டியிருக்கும். காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிற டர்போவின் அழுத்தத்தில் புகை அந்தச் சந்து வழியாகக் கீழே இறங்கி ஆயிலைக் கருக்கும். ஒரு பிஸ்டன் மட்டும் பெரிசாக இருந்தால் எடையும் மாறும். கார்த்தி, முதலில் பிஸ்டன் செட்டை வாங்கிக் கொடு. பிஸ்டனை அளந்த பிறகுதான் போர் போடுவேன், பெட்டியில் போட்ட சைஸை நம்பிப் போட மாட்டேன்.

கார்த்தி: சரிங்க மாமா. வேறென்ன வாங்க வேண்டும்?

குமார் மாமா: டைமிங் செயின் முழு செட், ஆயில் பம்ப், ஹெட் போல்ட் புதுசு. ஹெட் கேஸ்கட் மட்டும் இப்போது வேண்டாம். பிஸ்டன் டெக்குக்கு மேலே எவ்வளவு நீட்டுகிறது என்று அளந்துதான் அதன் கனத்தை எடுக்கணும். இன்ஜினை மாட்டப்போகிற ஃபிட்டரிடம், டைமிங் கட்டும்போது கேம், கிராங்க் நகராமல் லாக் பண்ணும் டூல் இருக்கிறதா என்று கேள். இல்லையென்றால் நான் கொண்டு வருகிறேன். குத்துமதிப்பாக மார்க் வைத்து இந்த இன்ஜினுக்கு டைமிங் கட்டக் கூடாது.

கார்த்தி: டர்போ பழசையே போடலாங்களா?

குமார் மாமா: முதலில் கழற்றிப் பார்க்கணும். ராடு உடைந்தபோது இரும்புத்தூள் ஆயிலோடு அதற்குள்ளும் போயிருக்கும். சின்ன டர்போ, முழு வேகத்தில் நிமிஷத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுக்கு மேலே போகும். அதன் பேரிங்குக்கு ஒரு துகள் போதும். ஆயில் வருகிற பைப்பைப் புதுசாகவே போடு. டர்போ காற்றைக் குளிர வைக்கிற இன்டர்கூலரைக் கழுவாமல் மாட்டவே கூடாது.

சித்தப்பா: ஆர்டிஓ வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். இன்ஜின் மாற்றினால் 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவில் பதியணும். இன்ஷூரன்ஸிலும் புது நம்பர் ஏறணும். அந்த பில்லைப் பத்திரமாக வை கார்த்தி.

கார்த்தி: பில் அம்மாவிடம் இருக்கிறதுங்க. பிஸ்டன் செட் காந்திபுரத்தில் இருக்கிறதாம், நாளைக் காலையில் எடுத்துக்கொண்டு நேராகக் கணபதியில் உங்கள் பட்டறைக்கு வருகிறேன்.

குமார் மாமா: வா. பத்து மணிக்கு மேலே வந்தால் கரண்ட் இருக்காது, பராமரிப்பு நாள். முன்னாடியே வந்துவிடு.